வேதகாலத் தேவதைகளை வீட்டில் வழிபடுதல்: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இருக்கு வேதத்தின் பத்து மண்டலங்களிலும், அதாவது பகுதிகளிலும், 1028 சூக்தங்கள், அதாவது பாடல்கள், உள்ளன. அவற்றுள் மிகுதியானவை இந்திரனையும் அக்கினியையும் சோமனையும் பாடுகின்றன. எஞ்சியவற்றுள்ளே விடியலுக்கு உரிய உஷஸ், இரவுக்கு உரிய ராத்திரி, மழையைப் பொழியும் பர்ஜன்யன், வழிகளைக் காக்கும் பூஷன், வயலுக்கு உடையவனான க்ஷேத்திரபதி, வீட்டுக்கு உடையவனான வாஸ்தோஷ்பதி, காட்டின் அன்னையான அரண்யானி, நீர்த்தேவியர் என இன்று பலரும் பெயர்கூடக் கேட்டிராத தேவதைகள் இருக்கிறார்கள். இலங்கையின் வடக்கில் குளத்தையும் வயலையும் காட்டையும் நம்பி வாழும் வன்னி மக்களுக்கு இவர்களைவிட அருகில் இருக்கக்கூடிய தேவதைகள் இல்லை என்பதே என் எண்ணம். இவர்களைத் தம் வீட்டிலோ வயலிலோ தனிப்பட்ட முறையில் வழிபட விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வழிபாடு நமது மண்ணுக்கு முற்றிலும் புதியதன்று. கோயில் மகோற்சவ காலத்தில் குருக்கள் நவசந்தி செய்யும்போது, பிரமனோடு இந்திரன், அக்கினி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் ஆகிய எண்டிசைக் காவலர்களும் அவரவர் திசையில் அழைக்கப்பட்டுப் பூசிக்கப்படுகிறார்கள். தைப்பொங்கலன்று முற்றத்தில் கிழக்கு நோக்கிப் பானை வைக்கும் எவரும் வேதம் பாடிய ஞாயிற்றையே வணங்குகிறார். நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகத் தொல்காப்பியமே வைத்திருக்கிறது. ஆகவே, நாம் அரைகுறையாக மறந்துபோன உறவு ஒன்றைத் திரும்பப் பேணுகிறோம் என்ற மனநிலையோடு தொடங்குவது நல்லது.

தொடங்குமுன் ஒரு தெளிவு வேண்டும். குளக்கட்டில் இருக்கும் ஐயனாரையோ, வற்றாப்பளைக் கண்ணகை அம்மனையோ, புதூர் நாகதம்பிரானையோ, வீட்டு வளவில் சூலமாக நிற்கும் வைரவரையோ விலக்கி வைத்துவிட்டு அவர்களுடைய இடத்தில் வேதகாலத் தேவதை ஒருவரை இருத்துவது முறையாகாது. போர்க்கால இடம்பெயர்வுகளுக்குப் பின் திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரை போடுமுன்னரே இந்தத் தெய்வங்களின் கொட்டில்களைத் துப்புரவாக்கி விளக்கேற்றியவர்கள் பலர். அந்தப் பிணைப்பு எந்த நூலறிவையும்விடப் பெரியது. உங்கள் குலதெய்வ வழிபாடும் கோயில் வழக்கமும் இருந்தபடியே இருக்க, அதன் பக்கத்தில் இது சேர்ந்து நடக்கட்டும்.

தேவதையைத் தெரிவு செய்தல்

எல்லாரையும் ஒரே நேரத்தில் வழிபடப் புறப்படுவதே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதலில் ஒருவரை மட்டும் தெரிவு செய்யுங்கள். பெயரின் அழகையோ கதையின் கவர்ச்சியையோ பாராமல், உங்கள் சீவியம் அன்றாடம் யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

நெல் விதைப்பவருக்கு க்ஷேத்திரபதியும் பர்ஜன்யனும் உரியவர்கள். மாட்டுப்பட்டி வைத்திருப்பவருக்கும், லொறி, ஓட்டோ ஓட்டுபவருக்கும், பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கப் பெற்ற தாய் தந்தையருக்கும் பூஷன் உரியவர். ஆறாம் மண்டலத்தின் 54ஆம் சூக்தம், மாடுகளுள் ஒன்றும் தொலையக் கூடாது, ஒன்றும் காயப்படக் கூடாது, ஒன்றும் குழியில் விழக் கூடாது என்று அவரிடம் கேட்கிறது. மேய்ச்சலுக்குப் போன பட்டி இருட்டும்வரை திரும்பாத மாலையில் படலையடியில் நிற்பவருக்கு இந்த வேண்டுதலுக்கு விளக்கம் தேவையில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்பவர்கள், புறப்படுமுன் வீட்டிலே பூஷனையும் நினைக்கலாம். தக்கன் வேள்விக் கதையில் பல் உடைபட்டவர் இவர்தான். ஆகையால் இவருக்குப் படைப்பது மென்மையான கூழாக இருக்க வேண்டும். வேதத்தில் சொல்லப்படுவது வாற்கோதுமைக் கூழ். குரக்கன் மாவிலோ அரிசி மாவிலோ காய்ச்சித் தயிர் சேர்த்துப் படைப்பதில் குறையில்லை. பட்டிப்பொங்கலன்று தொடங்குவது மிகப் பொருத்தமாக இருக்கும்.

முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்பவருக்கு வருணன். வானத்தில் பறக்கும் பறவைகளின் தடத்தையும் கடலில் செல்லும் மரக்கலங்களின் வழியையும் அறிந்தவன் என்று முதலாம் மண்டலத்தின் 25ஆம் சூக்தம் அவனைச் சொல்கிறது. புதிதாக வீடு கட்டிக் குடிபூரலுக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு வாஸ்தோஷ்பதி. ஏழாம் மண்டலத்தின் 54ஆம் சூக்தமான அவருடைய பாடலில் மூன்றே செய்யுள்கள் உள்ளன. நல்ல குடிபுகலைத் தா, நோயில்லாத இருப்பைத் தா, இரு கால் உயிர்களுக்கும் நாற்கால் உயிர்களுக்கும் நன்மை செய் என்பவையே அதன் வேண்டுதல்கள். யானைக்கும் பன்றிக்கும் பயந்து வயற்கரைக் காவல் கொட்டிலில் இரவைக் கழிப்பவர் ராத்திரியை வழிபடலாம். ஊர்கள் அடங்கின, பறவைகள் அடங்கின, ஓநாயையும் கள்வனையும் எங்களிடமிருந்து விலக்கு, நாங்கள் எளிதாகக் கடந்துபோகும் இரவாக இரு என்று அவளைப் பாடும் பத்தாம் மண்டலத்தின் 127ஆம் சூக்தம், காவலிருக்கும் ஒருவரே பாடியதுபோல இருக்கிறது.

இழப்பைச் சுமந்து வாழ்பவர்களுக்கு நான் உஷஸைச் சொல்வதுண்டு. முன்னைய விடியல்களைக் கண்ட மனிதர்கள் போய்விட்டார்கள், இன்று நாங்கள் காண்கிறோம், இனிவரும் விடியல்களைக் காண்போரும் வருகிறார்கள் என்று முதலாம் மண்டலத்தின் 113ஆம் சூக்தத்தில் ஒரு செய்யுள் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பின் வன்னியில் விடியற்காலையில் எழுந்து விளக்கேற்றும் எத்தனையோ வீடுகளில் இதை ஓதுவதற்குக் காரணம் இருக்கிறது.

எதைத் தெரிவு செய்வது என்று இன்னும் தயங்குபவர்கள் நீர்த்தேவியரோடு தொடங்குங்கள். தண்ணீர் இல்லாத வீடு இல்லை.

பொருளை முதலில் அறியுங்கள்

தெரிவு செய்தபின் ஒரு கிழமைக்கு எந்தப் பூசையும் செய்யாமல், அந்தத் தேவதைக்குரிய சூக்தத்தின் தமிழ்ப் பொருளை மட்டும் நாள்தோறும் வாசியுங்கள். என்ன கேட்கப்படுகிறது, யார் கேட்கிறார், எந்த நேரத்தில் கேட்கிறார் என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இன்று இந்தத் தேவதைகளுக்குப் பரிகாரப் பட்டியல்களும், நிறங்களும், இராசிக் கற்களும் தாராளமாகச் சொல்லப்படுகின்றன. சூக்தத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. பாடலைப் படித்தவருக்கு எதை ஏற்பது, எதை விடுவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மந்திரமாக ஓதலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். வேத மந்திரங்கள் சுரத்தோடு வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டு வந்தவை. கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைப் போட்டுக்கொண்டு கூடவே சொல்லிப் பழகினால் பிழையான உச்சரிப்பு நாவில் நிலைத்துவிடும். கற்க விருப்பமுள்ளவர்கள் குருக்கள் ஒருவரை அணுகி முறையாகக் கேட்டுக் கற்கட்டும். மற்றவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், பொருளை உள்வாங்கித் தமிழில் வேண்டுவதே சிறந்தது. தமிழில் இறைவனோடு பேசலாம் என்பதற்குத் தேவாரம் ஓதி வளர்ந்த நமக்கு வேறு சான்று தேவையில்லை.

இடம், நேரம், படிமம்

இந்தத் தேவதைகளுக்கு வேதகாலத்தில் கோயில் இருந்ததாகவோ சிலை வைத்ததாகவோ சூக்தங்களில் காணவில்லை. எனவே படம் தேடி அலைய வேண்டாம். நீர்த்தேவியருக்குச் செம்பில் நிறைந்த நீரும், க்ஷேத்திரபதிக்கு வயல் மண்ணும், உஷஸுக்குக் கீழ்வானமுமே படிமம். சாமியறையில் வைத்து வழிபட விரும்பினால் ஒரு நிறைகுடமும் ஒரு விளக்கும் போதும். நேரமும் தேவதையே தருவது. உஷஸுக்குச் சூரியன் தோன்றுமுன், ராத்திரிக்கு வெள்ளிகள் தெரியத் தொடங்கும் வேளை, பூஷனுக்குப் புறப்படும் வேளை.

நீர்த்தேவியரை வழிபடும் முறை

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைச் செய்யப் பழகியவர் மற்றவற்றையும் இந்த ஒழுங்கிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மாலையிலேயே கிணற்றடியைத் துப்புரவாக்குங்கள். பாசி பிடித்த கட்டைத் தேங்காய்த் தும்பால் தேய்த்து, கரைந்துபோன சவர்க்காரத் துண்டையும், பற்பசைக் குழாயையும், கிழித்தெறிந்த ஷாம்போப் பைக்கற்றுகளையும் பொறுக்கி அகற்றி, கழிவுநீர் போகும் வாய்க்காலின் அடைப்பை எடுத்துவிடுங்கள். நானறிய இதுவே வழிபாட்டின் பாதி. குழாய்க்கிணறு உள்ளவர்கள் குழாயடியையும் தண்ணீர்த் தாங்கியையும் இவ்வாறே துப்புரவு செய்யலாம்.

அடுத்த நாள் விடியலில் முழுகி, விபூதி பூசி, மஞ்சளிலோ சாணத்திலோ பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகி முதலில் அவரை வணங்குங்கள். பின்னர் அன்றைக்கு முதன்முதலாக அள்ளும் நீரை, வேறு எதற்கும் எடுக்காமல், புளி போட்டு மினுக்கிய செம்பில் நிறையுங்கள். மோட்டர் பாவிப்பவர்கள் அன்று மட்டுமாவது வாளியால் அள்ளுவது நல்லது, கிணற்றின் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் காண்பதற்கு அது நல்ல வழி. செம்பை வாழையிலைத் துண்டின் மேல் வைத்து, வளவிலே பூத்த பூவைச் சாத்தி, விளக்கேற்றிக் கிழக்கு நோக்கி இருங்கள்.

நீர்த்தேவியரின் சூக்தம் பத்தாம் மண்டலத்தின் ஒன்பதாவது. ‘ஆபோ ஹிஷ்டா’ என்று தொடங்கும் அதன் முதற் செய்யுள்களைக் குருக்கள்மார் நீர் தெளிக்கும்போது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் பொருளைத் தழுவி இவ்வாறு சொல்லலாம்: “நீர்த் தாய்மாரே, நன்மை தருபவர்கள் நீங்கள். அன்புள்ள தாய் பிள்ளைக்குப் பாலூட்டுவதுபோல உங்கள் இனிய சாரத்தை எங்களுக்குத் தாருங்கள். மருந்துகள் யாவும் உங்களுள்ளே இருக்கின்றன, எங்கள் உடம்பைக் காத்தருளுங்கள். நாங்கள் செய்த பிழையையும் சொன்ன பொய்யையும் அடித்துக்கொண்டு போய்விடுங்கள்.” சிறுநீரக நோயினால் குடிநீரைப் பற்றிய அச்சம் நிலவும் வவுனியா மாவட்ட ஊர்களில் மருந்து பற்றிய அந்த வரியை யாரும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

சொல்லி முடித்ததும் செம்பு நீரில் சிறிதெடுத்துத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடிப்பது வழக்கமென்றால் தீர்த்தம் என்பதற்காகப் பச்சைநீரை அருந்த வேண்டாம். கொதித்தாறிய நீரைத் தனியே ஒரு கிண்ணத்தில் வைத்துப் படைத்து அதை அருந்துங்கள். எஞ்சிய நீரை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். பாலையும் குங்குமத்தையும் பூவையும் கிணற்றினுள்ளே போடுவது பக்தியாகாது, அது குடிநீரைக் கெடுப்பது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கரையில் வழிபட விரும்புகிறவர்கள் முதலை உண்டு என்பதை நினைவில் வைத்து, கட்டிலேயே நின்று வணங்கட்டும். பொலித்தீன் பைகளையும் கற்பூரத் தட்டுகளையும் கையோடு திரும்ப எடுத்து வர வேண்டும்.

இவ்வளவையும் நாள்தோறும் செய்ய வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளிலோ பௌர்ணமியிலோ முறையாகச் செய்துவிட்டு, மற்ற நாட்களில் முதல் நீரை அள்ளும்போது கைகூப்பி ஒரு வசனம் சொன்னாற் போதும்.

வயலில்: க்ஷேத்திரபதியும் சீதையும்

நான்காம் மண்டலத்தின் 57ஆம் சூக்தம் வயலுக்கே உரியது. எட்டுச் செய்யுள்கள். எருதுகள் இன்பமாக இருக்கட்டும், ஆட்கள் இன்பமாக இருக்கட்டும், கலப்பை இன்பமாக உழட்டும் என்று அது வாழ்த்துகிறது. உழவுச்சாலின் தேவதையான சீதையை அருகே வா, உன்னை வணங்குகிறோம், எங்களுக்கு நல்ல விளைவைத் தா என்று அழைக்கிறது. இராமாயணத்துச் சீதை உழவுச்சாலிற் கிடைத்தவள் என்பதை அறிந்த நமக்கு இந்த வணக்கம் அந்நியமாகத் தோன்றாது.

காலபோகத்துக்கு, அதாவது பெரும்போக நெற்செய்கைக்கு, புரட்டாதியில் முதலுழவு தொடங்கும் நாளில் இதைச் செய்யலாம். வயலின் ஈசான மூலையில் வரம்போரமாகச் சிறிது இடத்தைச் செதுக்கி, சாணம் தெளித்து, வாழையிலையில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், ஒரு கை விதைநெல் ஆகியவற்றை வையுங்கள். காற்றில் விளக்கு நில்லாது. மண்சட்டியினுள் சிட்டி விளக்கை வைத்துக் காய்ந்த வைக்கோலுக்குத் தூரமாக ஏற்றுங்கள். இன்றைக்கு எருது பூட்டுபவர்கள் அரிது, லாண்ட்மாஸ்டரும் உழவு இயந்திரமும்தான் வயலில் இறங்குகின்றன. அதனால் வழிபாடு கெட்டுவிடாது. இயந்திரம் முதற்சாலைப் போட்டதும் அதை நிறுத்திவிட்டு, வீட்டார் எல்லாரும் அந்தச் சாலருகே இருந்து, இரண்டு துளி நெய்யும் இரண்டு துளி தேனும் அந்த ஈரமண்ணில் விடுங்கள். உழவுச்சாலை நெய்யாலும் தேனாலும் பூசும்படி அதர்வ வேதத்தின் மூன்றாம் காண்டத்துப் பாடலொன்று சொல்கிறது. வன்னிக் காட்டுத்தேன் கிடைத்தால் அதைவிடச் சிறந்த படையல் இல்லை. உழவு ஓட்டி வந்த பொடியனுக்கும் அந்தப் படையலில் பங்கு கொடுக்க வேண்டும். ஆட்கள் இன்பமாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு உழைத்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது.

அறுவடை முடிந்து தைப்பூசத்தில் புதிர் எடுக்கும்போது, அதாவது புதுநெல்லை முதன்முதலாக எடுத்துப் பொங்கும்போது, பிள்ளையாருக்குப் படைத்த பின் ஒரு பிடி புதுப்பொங்கலை அதே ஈசான மூலைக்குக் கொண்டுபோய் வையுங்கள்.

மழையும் காடும்

பர்ஜன்யனுக்கு இருக்கு வேதத்தில் மூன்று சூக்தங்களே உள்ளன. ஐந்தாம் மண்டலத்தின் 83ஆவது அவற்றுள் மிகச் சிறந்தது. இடியோடு வரும் அவனுடைய வலிமையை வியந்து, பயிர் முளைப்பதையும் நீரோடைகள் பெருகி ஓடுவதையும் பாடி, கடைசிச் செய்யுளில், மழையைப் பொழிந்துவிட்டாய், இனி அதை நன்றாக அடக்கிக்கொள் என்று கேட்கிறது. மழைக்குக் கும்பிடுபவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிடக் கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் கிடந்ததைக் கண்டவர்களுக்கு அதன் தேவை விளங்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மாலை, முற்றத்தில் ஒரு வெறும் பானையை வைத்து மழைநீரை ஏந்தி, மறுநாட் காலை அதற்குப் பூச்சாத்தி வணங்குங்கள். அன்றிரவு வயற்பக்கம் தவளைகள் கத்தத் தொடங்கினால், ஏழாம் மண்டலத்தின் 103ஆம் சூக்தத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். ஒன்று மாடுபோலக் கதறுகிறது, ஒன்று ஆடுபோலக் கத்துகிறது, ஒன்று புள்ளியுள்ளது, ஒன்று பச்சை என்று தவளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாடிய பாடல் அது.

அரண்யானியைப் பத்தாம் மண்டலத்தின் 146ஆம் சூக்தம் பாடுகிறது. உழாமலே உணவு நிறைந்தவள், நறுமணம் உடையவள், விலங்குகளின் தாய் என்று அவளைப் போற்றுகிறது. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய்ப் பழம் பொறுக்கி, உதடு ஒட்ட ஒட்டத் தின்றவர்களுக்கு ‘உழாமலே’ என்ற சொல் நன்கு விளங்கும். ஆனால் அவளை வழிபடக் காட்டினுள்ளே போக வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள எந்த இடத்திலும் கால் வைக்கக் கூடாது, யானை நடமாடும் வழிகளில் மாலையில் நிற்கவும் கூடாது. காட்டோரத்தில், ஊர் எல்லையில் நிற்கும் பாலையோ வீரையோ ஒன்றின் அடியில் நின்று வணங்கினாற் போதும். மரத்துக்கு ஆணி அடிப்பதும் அடியில் கற்பூரம் கொளுத்துவதும் வேண்டாம். பழம் எடுத்தால் குருவிக்கும் குரங்குக்கும் விட்டுவிட்டு எடுங்கள், கொப்பை முறிக்காதீர்கள்.

வழக்கமாக எழும் ஐயங்கள்

துடக்கு (தீட்டு) உள்ள காலத்தில் என்ன செய்வது என்று கேட்பவர்கள் தத்தம் வீட்டு வழக்கத்தையே இதற்கும் கைக்கொள்ளட்டும். புதிதாக விதி உண்டாக்க வேண்டாம். மச்சம் உண்பவர்கள் வழிபடும் நாளில் மட்டும் சைவமாக இருப்பது நமது ஊர்களில் போதுமான ஒழுங்காகக் கொள்ளப்படுகிறது. வீட்டிலேயே ஓமம் வளர்க்கலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது, தனிப்பட்ட வழிபாட்டுக்கு விளக்கின் சுடரே அக்கினி. வீட்டில் பெரியவர்கள் இதென்ன புதுப்பழக்கம் என்று கேட்டால் வாதாடாமல், சூக்தத்தின் பொருளை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். மழையையும் மாட்டையும் பற்றிய பாட்டை வன்னியில் மறுத்துப் பேசுபவர் குறைவு.

தெரிவு செய்த தேவதையைக் குறைந்தது ஒரு போகம் முழுவதும், விதைப்பிலிருந்து அறுவடை வரை, மாற்றாமல் வழிபடுங்கள். இடையில் சில நாட்கள் தவறிப்போனால் பரிகாரம் எதுவும் தேடாமல் அடுத்த நாள் தொடருங்கள். நீங்கள் தமிழிற் சொல்லும் வேண்டுதலை அந்தக் கொப்பியிலேயே எழுதி வைத்து, மனதில் படும் சொற்களைச் சேர்த்தும் தேவையற்றதை நீக்கியும் திருத்தி வாருங்கள். போகம் முடிந்தபின் இன்னொரு தேவதையைச் சேர்க்க விரும்புகிறவர்கள், முதலாமவரை விட்டுவிடாமல், சிறுபோக விதைப்பு நாளில் அவருக்கு முதலில் விளக்கேற்றிவிட்டு இரண்டாமவரின் சூக்தத்தை வாசிக்கத் தொடங்கலாம்.